மாட்டுத்தாவணிப் பூக்கடைக் கணக்கும் மூன்று தரவுத்தளங்களும்

கடந்த ஆவணியின் முதல் முகூர்த்த நாளன்று அதிகாலை 4:52 மணிக்கு, மதுரை மாட்டுத்தாவணி மலர் வணிக வளாகத்தில் நான் கணக்கு மென்பொருளைப் பராமரித்து வரும் கமிஷன் கடையில் மின்சாரம் நின்றது. சர்வருக்கான யூபிஎஸ்ஸின் பழைய பேட்டரி நான்கு நிமிடம் தாங்கி அணைந்தது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்க மேலும் ஆறு நிமிடம் ஆயிற்று. சர்வர் மீண்டும் எழுந்தபோது, அது அணைவதற்கு முன் அச்சான கடைசிச் சிட்டையும் தரவுத்தளத்தில் இருந்த கடைசி வரியும் ஒன்றாகவே இருந்தன. இடைப்பட்ட நேரத்தில் மூன்று தராசு மேசைகளிலும் எடையிட்ட 23 சிட்டைகள் அந்தந்த மடிக்கணினியில் காத்திருந்து, ஒன்றுகூட இரட்டிக்காமல் உள்ளே வந்து சேர்ந்தன. கடைக் கணக்குக்குப் புதிய தரவுத்தளம் தேர்ந்து அமைக்க மாசியில் தொடங்கிய வேலை அன்றுதான் முடிந்தது என்று சொல்லலாம். அதனால் அதன் படிகளை, தவறாகப் போன இடங்களோடு சேர்த்து, இங்கே எழுதி வைக்கிறேன்.

வேலைக்குக் காரணம் தை மாதத்தில் நடந்த ஒரு இழப்பு. கடையில் 2011 முதல் ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தின் 5.1 பதிப்பின் மேல் கட்டப்பட்டது. அந்தப் பதிப்பில் அட்டவணைகளைத் தனியாகக் குறிப்பிடாமல் உருவாக்கினால் அவை மைஐசாம் என்ற சேமிப்பு முறையில்தான் அமையும். அந்த முறையில் பரிவர்த்தனைப் பாதுகாப்பு, அதாவது ஒரு பதிவு முழுமையாக நிற்கும் அல்லது அறவே நிற்காது என்ற உறுதி, கிடையாது. பல ஆண்டுகளாக அதை மாற்றாமல் விட்டிருந்தது என் பொறுப்பு. தை முகூர்த்தக் கூட்டத்தின் நடுவில் மின்சாரம் போய்வந்தபோது சிட்டை அட்டவணை பழுதடைந்ததாகக் குறிக்கப்பட்டு, திறக்க மறுத்தது. பழுதுநீக்கும் கட்டளையை இயக்கி அட்டவணையைத் திறந்தபோது 37 வரிகள் காணாமல் போயிருந்தன. கணக்குப்பிள்ளை விவசாயிகளிடம் இருந்த சிட்டைகளைத் திரும்ப வாங்கி ஒவ்வொன்றாக எழுதிச் சேர்க்க ஒன்பது நாட்கள் ஆயின. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பேருந்தில் பூ மூட்டையோடு வருகிறவரிடம், உங்கள் சிட்டையை மறுபடி கொண்டு வாருங்கள் என்று சொல்வது எவ்வளவு சங்கடமானது என்பதை அந்த ஒன்பது நாட்களும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கடையின் கணக்கு பார்ப்பதற்கு எளியது. மல்லிகை, பிச்சி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி என்று வரத்து இறங்குகிறது, எடை போடுகிறார்கள், அந்த நேரத்து விலையைப் போட்டுச் சிட்டை தருகிறார்கள், கமிஷனும் கூலியும் முன்பணத் தவணையும் கழித்து, மீதியை வாரக்கடைசியில் கொடுக்கிறார்கள். ஆனால் விலை ஒரே காலையில் மூன்று நான்கு முறை மாறும். மார்கழியிலும் தையிலும் பனியால் வரத்துக் குறையும்போது மல்லிகையின் கிலோ விலை ஆயிரங்களில் நிற்கும் என்பதால், எடையில் 50 கிராம் பிசகினாலும் அது விவசாயிக்கு நூறு ரூபாய்க்கு மேல்.

போட்டியில் மூன்று தரவுத்தளங்களை நிறுத்தினேன். முதலாவது, மைஎஸ்கியூஎல் வழியில் வந்த மரியாடிபி. மைஎஸ்கியூஎல் 2008இல் சன் நிறுவனத்திடமும் 2010இல் அதோடு சேர்ந்து ஆரக்கிளிடமும் போனது. அதை முதலில் உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009இல் பிரித்தெடுத்த கிளைதான் மரியாடிபி. நான் பயன்படுத்தும் டெபியன் 12 லினக்ஸ் தன் களஞ்சியத்தில் தருவதும் இந்தக் கிளையின் 10.11 பதிப்பைத்தான். இரண்டாவது, 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வுத் திட்டத்திலிருந்து வளர்ந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல்; டெபியன் 12இல் அதன் 15ஆம் பதிப்பு. மூன்றாவது, ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட எஸ்கியூலைட். அதற்குத் தனிச் சர்வரே தேவையில்லை, முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. மூன்றுக்கும் உரிமத் தொகை ஒரு ரூபாய்கூட இல்லை என்பதால் செலவு முழுவதும் கருவிகளுக்குத்தான்.

டவுன்ஹால் ரோட்டில் உள்ள ஒரு கடையில் 8 ஜிபி நினைவகம் கொண்ட பழைய சிறு கணினி ஒன்றை 11,500 ரூபாய்க்கு வாங்கினேன். அதற்கு 256 ஜிபி எஸ்எஸ்டி 1,900 ரூபாய், ஐந்து முனை நெட்வொர்க் சுவிட்ச் 750 ரூபாய். மூன்று மின்னணுத் தராசுகளின் சீரியல் முனையிலிருந்து மடிக்கணினிக்கு எடையை இழுக்க மூன்று யுஎஸ்பி மாற்றிகள், ஒன்று 350 ரூபாய் வீதம். மடிக்கணினிகள் கடையில் ஏற்கெனவே இருந்தன.

முதல் இரண்டு வாரங்களை வேக ஒப்பீட்டில் வீணாக்கினேன். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக உறுதிசெய்து 20,000 வரிகள் எழுதச் சொன்னபோது மரியாடிபி 6 நொடியில் முடித்தது. போஸ்ட்கிரெஸ் 34 நொடியும் எஸ்கியூலைட் 29 நொடியும் எடுத்துக்கொண்டன. ஐந்து மடங்கு வேகம் என்று முதலாளியிடமே சொல்லிவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான், பழைய சர்வரிலிருந்து நான் அப்படியே நகலெடுத்து ஒட்டியிருந்த அமைப்புக் கோப்பில், மரியாடிபியின் இயல்பான சேமிப்பு முறையான இன்னோடிபியின் பதிவேட்டை ஒவ்வொரு உறுதிசெய்தலுக்கும் வட்டில் அழுத்தாமல் ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை மட்டும் அழுத்தும்படி மதிப்பு 2 இருந்ததைக் கண்டேன். அதை இயல்பு மதிப்பான 1க்கு மாற்றியதும் மரியாடிபிக்கு 41 நொடி ஆயிற்று. அதாவது நான் ஒப்பிட்டது மூன்று தரவுத்தளங்களை அல்ல, வட்டுக்குக் காத்திருப்பதையும் காத்திருக்காததையும்தான். அதோடு, கடையின் உச்ச நேரமான ஒரு மணி நேரத்தில் விழும் சிட்டை வரிகள் ஏறக்குறைய 600. ஆறு நொடிக்கு ஒன்று. இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருந்தால் வேகம் ஒரு பொருட்டே அல்ல என்று தெரிந்திருக்கும். முதலாளி கேட்ட கேள்விதான் சரியானது: "ஏப்பா, வேகமெல்லாம் இருக்கட்டும். கரண்ட் போனா சிட்டை நிக்குமா, அதச் சொல்லு."

அதற்கு முன் பழைய தரவை ஏற்ற வேண்டியிருந்தது. 13 லட்சத்து 80 ஆயிரம் வரிகள். பழைய தரவு முழுவதையும் கோப்பாக வெளியே எடுத்த முதல் திணிப்பைத் (dump) திறந்தபோது விவசாயிகளின் பெயர்கள் எல்லாம் உச்சரிப்புக் குறிகள் ஏறிய ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தன. பழைய அட்டவணைகள் ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 குறியாக்கம் (எழுத்துகளை எண்களாக வைக்கும் முறை) என்று அறிவிக்கப்பட்டு, உள்ளே யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையிலான தமிழ் பைட்டுகள் அப்படியே நிரப்பப்பட்டிருந்தன. பழைய நிரல் அதே தவறோடு எழுதி அதே தவறோடு படித்ததால் 2011 முதல் யாருக்கும் தெரியவில்லை.

இங்கே நான் செய்த பிழை தமிழுக்கே உரியது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். அந்த எழுத்துக் குவியலைப் பைத்தான் நிரல்மொழியில், லத்தீன்-1ஐ ஒத்த விண்டோஸ்-1252 குறியாக்கத்துக்குத் திருப்பி, பிழைகளைப் புறக்கணிக்கச் சொல்லி, பின் யூடிஎஃப்-8 ஆகப் படித்தேன். பெயர்கள் தமிழில் வந்துவிட்டன என்று மகிழ்ந்து பார்த்தால், முத்து என்பது 'மதத' என்றும் ஐயப்பன் என்பது 'யபபன' என்றும் இருந்தன. புள்ளியும் உகரக் குறியும் ஏ, ஐ என்ற எழுத்துகளும் மட்டும் எல்லா வரிகளிலும் மறைந்திருந்தன. யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்தும் குறியும் ஒவ்வொன்றும் மூன்று பைட். புள்ளியின் கடைசி பைட் 141, உகரக் குறியின் கடைசி பைட் 129, ஏ எழுத்தின் கடைசி பைட் 143, ஐ எழுத்தின் கடைசி பைட் 144. விண்டோஸ்-1252 அட்டவணையில் இந்த நான்கு இடங்களும் காலியானவை. மைஎஸ்கியூஎல்லின் லத்தீன்-1 அந்தக் காலி இடங்களையும் சேதமின்றிக் கடத்திவிடும். பைத்தான் கடத்தாது, நானோ பிழைகளைப் புறக்கணிக்கச் சொல்லியிருந்தேன். சரியான வழி மிக எளியது. திணிப்பை லத்தீன்-1 என்றே சொல்லி எடுக்க வேண்டும். அப்போது பைட்டுகள் மாறாமல் வெளியே வரும். பின் கோப்பின் தலைப்பில் உள்ள குறியாக்க அறிவிப்பை மட்டும் எழுத்துக்கு நான்கு பைட் வரை இடம் தரும் யூடிஎஃப்-8 என்று திருத்தி ஏற்ற வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஆறு மாலைகள் செலவாயின.

குறியாக்கம் சரியானதும் அடுத்த பழுது வெளிப்பட்டது. பெயருக்கான களம் 30 எழுத்து என்று வரையறுக்கப்பட்டிருந்தது. லத்தீன்-1இல் அது 30 பைட், அதாவது தமிழில் பத்தே குறிகள். கருப்பசாமி என்ற பெயர் குறிகளையும் சேர்த்து எண்ணினால் சரியாகப் பத்து, அதனால் முழுமையாக இருந்தது. முத்துராமலிங்கம் என்ற பெயர் 'முத்துராமல' என்று நின்றிருந்தது. பழைய மைஎஸ்கியூஎல், பொருந்தாத தரவை மறுக்கும் கண்டிப்பு முறை இல்லாமல் ஓடியதால், நீளம் போதாதபோது வெட்டிவிட்டு எச்சரிக்கையை மட்டும் எழுப்பியிருக்கிறது. அதை யாரும் படிக்கவில்லை. தலைப்பெழுத்துக்குப் பின் ஒரு பைட் முற்றுப்புள்ளியோ இடைவெளியோ சேர்ந்த பெயர்களில் வெட்டு ஓர் எழுத்தின் நடுவிலேயே விழுந்திருந்தது. மூன்று தரவுத்தளங்களின் குணமும் எனக்கு முதலில் புரிந்தது இந்த உடைந்த பெயர்களால்தான். போஸ்ட்கிரெஸ் அவற்றைச் செல்லாத பைட் தொடர் என்று சொல்லி ஏற்க மறுத்து, முழு ஏற்றத்தையும் நிறுத்திவிட்டது. எஸ்கியூலைட் எதையும் சரிபார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டது. மரியாடிபி எச்சரிக்கையோடு ஏற்றுக்கொண்டது. இன்றைய மரியாடிபி இயல்பாகவே கண்டிப்பு முறையில் இருந்தும் ஏன் ஏற்றது என்று தேடியபோது, திணிப்புக் கோப்பின் தலைப்பிலேயே அந்த முறையைத் தற்காலிகமாக அணைக்கும் ஒரு வரி இருப்பதைக் கண்டேன். போஸ்ட்கிரெஸ் மறுத்தபோது எரிச்சல்தான் வந்தது. ஆனால் அது காட்டிக்கொடுத்த 214 உடைந்த வரிகளின் பட்டியல்தான், பெயர்கள் வெட்டுப்பட்டிருப்பதை நான் அறிந்த முதல் வழி.

தேதிகளிலும் இதே கதை. பணம் பட்டுவாடா ஆகாத சிட்டைகளுக்குப் பழைய நிரல் எல்லாம் பூஜ்யமான ஒரு தேதியை எழுதி வைத்திருந்தது. மரியாடிபி அதை வாங்கிக்கொண்டது. போஸ்ட்கிரெஸ் அப்படி ஒரு நாள் இல்லை என்றது. பிஜிலோடர் என்ற கருவி அந்தத் தேதிகளை வெற்று மதிப்பாக மாற்றி ஏற்றித் தந்தது.

பணக் களங்கள், தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் மிதவைப் புள்ளி வகையில் இருந்தன. இதுதான் என்னை மிகவும் கலங்க வைத்தது. மைஎஸ்கியூஎல் ஒற்றைத் துல்லிய மிதவை எண்ணை ஆறு முக்கிய இலக்கங்களில்தான் வெளிக்காட்டும். ஆகவே 12,34,567 ரூபாய் நிலுவை என்பது திரையிலும் திணிப்பிலும் 12,34,570 என்றே வரும். வெளியூர் மொத்த வியாபாரி ஒருவருடைய நிலுவை எப்போதும் கணக்குப்பிள்ளையின் பேரேட்டோடு சில ரூபாய் வேறுபட்டதற்குக் காரணம் இதுவே. நாங்கள் அவருடைய கூட்டல்தான் தவறு என்று நினைத்திருந்தோம். களத்தோடு ஒரு பூஜ்யத்தைக் கூட்டி இரட்டைத் துல்லியத்தில் எடுத்தபோது, உள்ளே இருக்கும் மதிப்பு 12.5 காசு படிக்குள் மீண்டது. புதிய அமைப்பில் பணம் இரண்டு தசமமும் எடை மூன்று தசமமும் கொண்ட துல்லிய எண் வகை. எஸ்கியூலைட்டில் அந்த வகை இல்லாததால் அங்கே காசுகளாகவும் கிராம்களாகவும் முழு எண்ணில் வைத்தேன்.

பெயர்களின் வேலை இதோடு முடியவில்லை. ஊர்ப்பட்டியலில் கொட்டாம்பட்டி இரண்டு முறை இருந்தது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. ஆனால் ஒன்றில் 'கொ' என்பது ககரமும் ஒற்றை ஒகரக் குறியும், மற்றொன்றில் ககரமும் எகரக் குறியும் துணைக்காலும் தனித்தனியாக. விசைப்பலகைக்கு விசைப்பலகை இது மாறும். பைட் பைட்டாக ஒப்பிடும் போஸ்ட்கிரெஸ்ஸுக்கும் எஸ்கியூலைட்டுக்கும் இவை இரு வேறு ஊர்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் 13ஆம் பதிப்பு முதல் யூனிகோட் இயல்பாக்கத்துக்கு, அதாவது இப்படி இருவகையாக எழுதியதை ஒரே வடிவமாக்குவதற்கு, உள்ளமைந்த செயற்கூறு இருப்பதால், பழையவற்றை ஒரே கட்டளையில் திருத்தி, இனி இயல்பாக்கப்படாத பெயர் எதுவும் நுழையக் கூடாது என்று களத்திலேயே நிபந்தனை வைக்க முடிந்தது. மற்ற இரண்டுக்கும் இதை நிரலில் செய்தேன். ஆனால் கௌரி என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் குறியும் ளகரமும் தட்டப்பட்டிருந்தால் எந்த இயல்பாக்கமும் அதைத் திருத்தாது. அப்படிப்பட்டவற்றைக் கையால்தான் பார்த்தேன்.

விவசாயிகளின் பட்டியலை அச்சிட்டுக் கொடுத்தபோது அறுபது வயதைக் கடந்த கணக்குப்பிள்ளை ஒரு பார்வையில் சொன்னார்: "தம்பி, ஜெயக்கொடி கடைசிலதான வரணும், நடுவுல வந்து நிக்குது பாருங்க. கல்யாணிக்கு முன்னாடி கற்பகம் வந்திருக்கு." யூனிகோட் எண்வரிசையில் ஜகரம் சகரத்துக்கு அடுத்தும், றகரம் லகரத்துக்கு முன்பும், னகரம் பகரத்துக்கு முன்பும் இருப்பதால் எண்படி வரிசைப்படுத்தினால் இப்படித்தான் வரும். போஸ்ட்கிரெஸ்ஸில் ஐசியு என்ற யூனிகோட் நூலகம் தரும் தமிழ் வரிசையைப் பெயர்க் களத்துக்குக் குறித்ததும் பட்டியல் அவருடைய பேரேட்டின் வரிசைக்கு வந்தது. மரியாடிபியிலும் 10.10 முதல் வந்துள்ள யூனிகோட் 14 வரிசைமுறை இதைச் சரியாகச் செய்தது. எஸ்கியூலைட்டில் ஒப்பீட்டுச் செயற்கூறு ஒன்றை நானே எழுதிச் செருக வேண்டியிருந்தது.

மூன்று மேசைகளும் ஒரே நேரத்தில் எழுதும் சோதனையில் எஸ்கியூலைட்டை முதலில் நான் தவறாகப் பயன்படுத்தினேன். கோப்பைப் பகிர்வுக் கோப்புறையில் வைத்து மூன்று மடிக்கணினிகளிலிருந்தும் நேரடியாகத் திறந்தேன். அரை மணி நேரத்தில் தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது என்ற பிழை இருபது முறைக்கு மேல் வந்தது. நெட்வொர்க் வழியாகக் கோப்பைப் பகிர வேண்டாம் என்று எஸ்கியூலைட்டின் ஆவணமே எச்சரிக்கிறது. படிக்காமல் இறங்கியது என் தவறு. கோப்பைச் சர்வரிலேயே வைத்து, அதன் முன் ஒரு சிறு இணையச் சேவையை நிறுத்தி, மாற்றங்களை முதலில் தனிப் பதிவேட்டில் எழுதும் முறையை (WAL) இயக்கி, ஐந்து நொடிக் காத்திருப்பு கொடுத்தபோது ஒரு பிழைகூட வரவில்லை. ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்ற அதன் கட்டுப்பாடு, ஆறு நொடிக்கு ஒரு வரி விழும் கடையில் யாருக்கும் தெரியவே இல்லை. ஒற்றை மேசை உள்ள கடையாக இருந்திருந்தால் எஸ்கியூலைட்டோடு நிறுத்தியிருப்பேன்.

பிறகு முதலாளி கேட்ட சோதனை. என் மடிக்கணினியில் ஒரு நிரல் சர்வருக்கு வரிகளை அனுப்பி, சர்வர் உறுதி என்று பதில் சொன்ன எண்ணை மட்டும் தன்னிடம் குறித்துக்கொள்ளும். 20 முதல் 60 நொடிக்குள் ஏதோ ஒரு கணத்தில் சர்வரின் பிளக்கைப் பிடுங்குவேன். மீண்டும் எழுந்ததும் குறித்த எண்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். ஒவ்வொன்றுக்கும் 25 முறை. ஒப்பீட்டுக்காகப் பழைய மைஐசாமையும் சேர்த்தேன். 25இல் 7 முறை அட்டவணை பழுதடைந்தது. ஆனால் நான் நம்பியிருந்த போஸ்ட்கிரெஸ்ஸும் 2 முறை, உறுதி சொன்ன வரிகளில் சிலவற்றை இழந்திருந்தது. ஒரு வாரம் அதன் அமைப்புகளைத் துருவினேன். எல்லாம் சரியாகவே இருந்தன. மரியாடிபி 3 முறையும், முழுப் பாதுகாப்பு அமைப்பில் எஸ்கியூலைட் 2 முறையும் இழந்தபோதுதான் சந்தேகம் வட்டின் பக்கம் திரும்பியது. மூன்றையும் பழைய சுழல் வட்டில், எழுத வேண்டியதைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் அதன் நினைவகத்தை (write cache) அணைத்துவிட்டுச் சோதித்தேன். ஒரு வரிகூடத் தொலையவில்லை. 1,900 ரூபாய் எஸ்எஸ்டி, எழுதிவிட்டேன் என்று சொன்னபோது உண்மையில் எழுதியிருக்கவில்லை. மின்சாரம் போனாலும் கையிருப்பை எழுதி முடிக்க மின்தேக்கிகள் வைத்த, தரவு மையங்களில் பயன்பட்ட பழைய 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை 3,200 ரூபாய்க்கு வாங்கிப் பொருத்தி, மூன்றையும் மறுபடி 25 முறை பிடுங்கினேன். இழப்பு பூஜ்யம். இந்தப் பதிவைப் படித்து ஒருவர் ஒன்றை மட்டும் வாங்குவதானால் இந்த வட்டைத்தான் வாங்க வேண்டும்.

மூன்றும் தேறிய பின் முடிவைத் தந்தது அட்டவணை மாற்றும் வேலை. கூலியைச் சிட்டையிலிருந்து பிரித்துத் தனிக் களமாக்கும் ஐந்து கட்டளைகள் கொண்ட ஒரு மாற்றத்தில், நான்காவது கட்டளையில் பிழை இருந்தது. மரியாடிபியில் அட்டவணை அமைப்பை மாற்றும் கட்டளை ஒவ்வொன்றும் தானாகவே உறுதியாகிவிடுவதால், முதல் மூன்று மாற்றங்கள் நின்றுவிட்டன. பழைய நிரலும் ஓடவில்லை, புதிய நிரலும் ஓடவில்லை. போஸ்ட்கிரெஸ்ஸில் ஐந்தையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்திருந்ததால், பிழை வந்ததும் எல்லாம் தொடங்கிய இடத்துக்கே திரும்பின. அதிகாலை வியாபாரத்துக்கு முன் இரவு பத்து மணிக்குத் தனியாக உட்கார்ந்து மாற்றங்கள் செய்கிறவனுக்கு இது பெரிய நிம்மதி.

மரியாடிபியைக் கைவிட்டதில் ஒரு வருத்தம் உண்டு. அதில் 10.3 பதிப்பு முதல், அட்டவணையை உருவாக்கும்போது ஒரே சொற்றொடரைச் சேர்த்தால் ஒவ்வொரு வரியின் பழைய நிலைகளும் காலத்தோடு காக்கப்படும். நேற்றுக் காலை 5:30க்கு மல்லிகை விலை என்னவாக இருந்தது, அதை எப்போது மாற்றினார்கள் என்பதை நேரடியாகக் கேட்கலாம். விலைத் தகராறு அன்றாடம் எழும் கடையில் இது பொன்னான வசதி. போஸ்ட்கிரெஸ்ஸில் அதற்காக, வரி மாறும்போது தானாக இயங்கும் தூண்டல் நிரல் ஒன்றை நானே எழுதினேன். அதன் முதல் வடிவம் விலை நீக்கப்படுவதைப் பதிய மறந்திருந்தது. மாறாக, ஒரே பூவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு விலை இருக்கக் கூடாது என்பதை விலக்கு நிபந்தனையாக எழுத போஸ்ட்கிரெஸ் இடம் கொடுத்தது.

ஆகவே சர்வரில் போஸ்ட்கிரெஸ், ஒவ்வொரு தராசு மேசையிலும் காத்திருப்பு வரிசைக்காக எஸ்கியூலைட் என்று அமைத்தேன். எடையிட்டதும் சிட்டை முதலில் மடிக்கணினியின் எஸ்கியூலைட் கோப்பில் எழுதப்பட்டு, பின் சர்வருக்குப் போகும். சர்வர் உறுதி சொன்னால் மட்டுமே அனுப்பப்பட்டதாகக் குறிக்கப்படும். சர்வர் எழுதிவிட்டு, பதில் வரும் முன் இணைப்பு அறுந்தால் அதே சிட்டை மறுபடியும் போகும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. முதல் ஒத்திகையில் 11 சிட்டைகள் இரட்டித்தன. ஒவ்வொரு சிட்டைக்கும் மேசையிலேயே ஒரு தனித்த அடையாள எண் கொடுத்து, அந்த எண் ஏற்கெனவே இருந்தால் ஒன்றும் செய்யாதே என்று போஸ்ட்கிரெஸ்ஸுக்குச் சொன்னதும் அது நின்றது.

ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் கடையில் நெருக்கடி குறைவு. அந்த மாதம் முழுவதும் பழைய நிரலும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. தினமும் காலை பத்து மணிக்கு இரண்டின் மொத்தங்களையும் கணக்குப்பிள்ளை தன் பேரேட்டோடு ஒப்பிட்டார். வேறுபாடு வந்த நான்கு நாட்களில் மூன்று பழைய மிதவைப் புள்ளியால் வந்தவை. ஒன்று என் நிரலில் முன்பணத் தவணையை இருமுறை கழித்ததால் வந்தது, அன்றே திருத்தினேன். இரவு 11 மணிக்கு எடுக்கும் காப்புநகல் சுருக்கப்பட்ட நிலையில் 41 எம்பி. 400 ரூபாய் வீதம் வாங்கிய இரண்டு பென் டிரைவ்களில் மாற்றி மாற்றி எழுதி, ஒன்றை முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போகிறார். மாதம் ஒருமுறை அந்த நகலை என் கணினியில் முழுமையாக மீட்டுப் பார்க்கிறேன். இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது.

ஆவணி மின்தடைக்குப் பிறகு யூபிஎஸ்ஸுக்கு 950 ரூபாயில் புதிய பேட்டரி போட்டேன். அதோடு சேர்த்து மொத்தச் செலவு 20,150 ரூபாய். அதில் முதல் எஸ்எஸ்டி வீண். மறுபடி செய்வதானால் மின்தேக்கி வைத்த வட்டை முதல் நாளே வாங்குவேன். பழைய தரவை ஏற்றுவதில் தொடங்கி, பிளக் பிடுங்கும் சோதனைக்குப் போய், வேகத்தைக் கடைசியில் ஒரு மாலை மட்டும் பார்ப்பேன். எழுத்துகளைத் திருப்பும் எந்த நிரலிலும் பிழைகளைப் புறக்கணிக்கும்படி சொல்ல மாட்டேன். போஸ்ட்கிரெஸ்ஸின் ஒவ்வொரு பெரும்பதிப்புக்கும் ஐந்தாண்டுப் பராமரிப்பு என்பதால் 15ஆம் பதிப்பு 2027 நவம்பரில் காலாவதியாகும். பெரும்பதிப்பு மாற்றம் வெறும் புதுப்பிப்பு அல்ல, தரவுக் கோப்புகளையே மாற்றும் வேலை. அதை அந்த ஆண்டின் ஆடியிலேயே முடித்துவிட வேண்டும் என்று கடை நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறேன்.

வெட்டுப்பட்ட பெயர்கள் 402. அவற்றை எந்தத் தரவுத்தளத்தாலும் மீட்க முடியாது. வெட்டப்பட்ட எழுத்துகள் எங்கும் இல்லை. சர்வரில் அந்தப் பெயர்களுக்கு ஒரு குறி போட்டிருக்கிறேன். அந்த விவசாயி பூவோடு வந்து நிற்கும்போது திரையில் பெயர் சிவப்பில் தெரியும், கணக்குப்பிள்ளை முழுப் பெயரைக் கேட்டுத் தட்டுவார். 'முத்துராமல' சென்ற வாரம் சரியானது. இன்னும் 41 பேர் வர வேண்டும்.